அண்மையில் வந்த தமிழ் நாவல்களில் எவற்றை வாசிக்கலாம்?

பதினைந்து வருடம் தமிழ் வாசிப்பை விட்டுவிட்டு இப்போது திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சரித்திரம், குடும்பம், மர்மம் என்று எந்த வகையானாலும் சரி, புதிதாக வந்தவற்றில் தேறுவதைச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடந்த நான்கைந்து வருடங்களில் நான் படித்தவற்றிலிருந்து சொல்கிறேன்.

எனக்குச் சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. வுட்லண்ட்ஸிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம் ஆகும். என் வாசிப்பு முழுக்க அந்தச் சன்னல் இருக்கையில்தான். நூலகத்தில் 21 நாள் தவணை, அதற்குள் தடிமனான நாவலும் முடிந்துவிடும். இப்படி வாசித்து வாசித்து எனக்கென்று ஒரு சோதனை உருவாகிவிட்டது. கதையில் வருகிறவர்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள், அந்த வேலை எழுதியவருக்குத் தெரியுமா என்று பார்ப்பேன். அது தெரிந்தவர் எழுதினால் எந்த வகை நாவலும் நிற்கிறது.

குடும்பக் கதை என்றால் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து வந்தது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் ஒருவர், காருமாமா, இறந்துபோகிறார், உறவுகள் கூடுகின்றன. அவ்வளவுதான் கதை என்று சொல்லிவிடலாம். ஆனால் கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் நாவிதர். சாவு வீட்டிலும் அவர் இல்லாமல் ஒன்றும் நகராது. ஊரின் நல்லது கெட்டது அத்தனைக்கும் முன்னால் நின்ற ஒரு மனிதரின் சாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் பட்டறை வாசலுக்கு வந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஊரில் என் பெரியப்பா சாவுக்கு நான் போக முடியாத வருடம் அது.

சரித்திரத்தில் ஜெயமோகனின் 'குமரித்துறைவி', 2021இல் வந்தது. படையெடுப்புக் காலத்தில் மதுரை மீனாட்சியின் திருமேனியைத் தெற்கே வேணாட்டு அரசின் ஆரல்வாய்மொழியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மதுரை மீண்டதும் அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். மகளைச் சும்மா அனுப்ப முடியுமா? கல்யாணம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்று வேணாடு முடிவு செய்கிறது. வாள் சண்டை, சதி, ஒற்றன் எதுவும் இல்லாமல் ஒரு சரித்திர நாவல்! பந்தல், பந்தி, விருந்தாளிகள், சீர்வரிசை என்று கல்யாண வேலைதான் கதையே. பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்த அப்பாவுக்கும் கடைசிப் பக்கங்களைக் கண் கலங்காமல் கடப்பது சிரமம்.

மர்மக் கதையில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். போன வருடம் ஒரு நாவல் படித்தேன். எழுதியவருக்கு முதல் புத்தகம் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். நம் ஊர்ப் பட்டறை ஒன்றில் கொலை நடக்கிறது. கொலைகாரன் நள்ளிரவில் தனியாக ஒரு கப்பலின் டேங்குக்குள் இறங்கி விடியும்வரை ஒளிந்திருக்கிறான். எனக்கு அந்த இடத்தோடு நாவல் முடிந்துபோனது. டேங்குக்குள் ஆள் இறங்க வேண்டுமானால் முதலில் பெர்மிட் வேண்டும். மீட்டரை உள்ளே விட்டுக் காற்றைச் சோதிப்பார்கள், ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அனுமதி. திறப்பருகில் ஒருவர் காவல் இருந்து, உள்ளே போனவர்களைக் கணக்கு வைத்திருப்பார். இத்தனையும் ஏன் என்றால், மூடிக் கிடக்கும் டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனைக் குடித்துவிடும். வாடை எதுவும் வராது. இறங்கியவர் சுருண்டு விழும்போதுதான் மேலே நிற்பவருக்கே தெரியும். காப்பாற்றப் போன இரண்டாவது ஆளும் விழுவார். அந்த எழுத்தாளர் ஒரு நாள் எங்களில் யாரிடமாவது உட்கார்ந்து பேசியிருந்தால், கொலைகாரனைப் பிடிக்கப் போலீஸே தேவைப்பட்டிருக்காது. எவ்வளவு பெரிய திகில் காட்சி கை நழுவியிருக்கிறது!

உள்ளூர் நாவல்கள் பலவற்றிலும் எனக்கு இதே குறை. நாயகன் ஆபீஸ் போவான், வருவான். அங்கே என்ன செய்தான் என்று 200 பக்கத்திலும் இருக்காது. தங்கும் விடுதியில் 12 பேர் படுக்கும் அறை, லிட்டில் இந்தியா என்னும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், ஓவர்டைம் கணக்கு, ஊருக்கு அனுப்பும் பணம் இவற்றையெல்லாம் உள்ளிருந்து எழுதிய ஒரு பெரிய நாவலுக்காகக் காத்திருக்கிறேன். எழுத்தாளர் ப. சிங்காரம் இந்தோனேசியாவின் மேடானில் கடைவேலை பார்த்தவர். 1972இல் வந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யில் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இன்றும் உயிரோடு நடமாடுகிறார்கள். புதிய நாவல் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. ஆனாலும் நம் கரையில் எழுத வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

அப்படி உள்ளிருந்து எழுதும் துணிச்சல் பக்கத்தில் மலேசியாவில் இருக்கிறது. ம. நவீனின் 'பேய்ச்சி'யை 2020இல் அந்நாட்டு உள்துறை அமைச்சு தடை செய்தது. அவர் ஒதுங்கிவிடாமல் அடுத்து 'சிகண்டி'யைக் கொடுத்தார். கோலாலம்பூரின் இருட்டுத் தெருக்கள், கும்பல்கள், திருநங்கையர் உலகம். சில பக்கங்கள் வயிற்றைப் பிசையும், பாதியில் மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் தொடர்ந்தேன். இருந்தாலும் அவருக்கு அந்தத் தெரு தெரிகிறது.

அறிவியல் புனைவில் சொல்லும்படி எதுவும் என் கையில் அகப்படவில்லை. உங்களுக்கு அகப்பட்டால் எழுதுங்கள்.

நீங்கள் நீண்ட இடைவெளிக்குப் பின் வருவதால் 'குமரித்துறைவி'யில் தொடங்குங்கள், இரண்டே நாளில் முடியும். அடுத்து 'நீர்வழிப் படூஉம்'. கொங்கு வழக்கு முதல் இருபது பக்கம் இடறும். வாய்விட்டு வாசித்தால் பழகிவிடும். 'சிகண்டி' மூன்றாவதாக இருக்கட்டும். வுட்லண்ட்ஸ் நூலகத்திலிருந்து இரண்டாம் முறை படிக்க எடுத்த 'நீர்வழிப் படூஉம்' என்னிடம்தான் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன்.