கொரியா போறோம், சியோல் மட்டும் போதுமா இல்ல பூசானுக்கும் போகணுமா?

கண்டிப்பா போங்க. சியோல்லருந்து கேடிஎக்ஸ்ங்கிற அதிவேக ட்ரெயின்ல ரெண்டரை மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம், அவ்ளோதான். ஆனா காலைல போய் ஹேயுண்டே பீச்ல நாலு போட்டோ எடுத்துட்டு சாயங்காலமே திரும்புற மாதிரி பிளான் போடாதீங்க, ரெண்டு ராத்திரியாவது தங்குங்க.

கொரியாவுலயே பெரிய துறைமுகம், ரெண்டாவது பெரிய சிட்டி, அதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். என்னைக் கேட்டா பூசான் அகதி சனங்க உருவாக்கின ஊரு. 1950ல வடகொரியப் படை கிட்டத்தட்ட நாடு முழுக்கப் பிடிச்சப்போ தெக்கு மூலையில பிடிபடாம மிஞ்சினது பூசானும் அதைச் சுத்தின கொஞ்ச இடமும்தான், தற்காலிகத் தலைநகரமே அதுதான், லட்சக்கணக்குல சனம் வந்து குவிஞ்சிருச்சு, கீழ இடமில்லன்னு மலை மேல ஏறி பலகை, தகரம் கிடைச்சத வச்சு குடிசை போட்டாங்க. கலர் கலரா போட்டோல வர்ற கம்ச்சொன் கிராமம் அப்படி வந்த மலைக் குடியிருப்புதான். அங்க கூட்டம் ஜாஸ்தி, சீக்கிரம் பாத்துட்டு பக்கத்துலயே இருக்கிற அமிதோங்குக்கு நடந்து போங்க. ஜப்பான்காரங்க ஆண்டப்போ அது அவங்களோட இடுகாடு. வந்த சனம் வேற வழியில்லாம அந்தக் கல்லறைக் கல்லையே அஸ்திவாரமா, படிக்கட்டா போட்டு வீடு கட்டிருக்காங்க, இன்னைக்கும் சில வீட்டுச் சுவத்துக்கு அடியில அந்தக் கல்லு வெளிய தெரியும். ஆளுங்க குடியிருக்கிற தெரு, அதனால சத்தம் போடாதீங்க, ஜன்னல் பக்கம் கேமராவ நீட்டவே நீட்டாதீங்க.

சாப்பாட்டுக்குள்ளயும் அதே கதைதான். மில்ம்யோன்னு ஜில்லுனு ஒரு கோதுமை நூடுல்ஸ் இருக்கு. வடக்குல பக்வீட்ங்கிற தானிய மாவுல செஞ்சு சாப்பிட்டவங்க, இங்க அது கிடைக்காம அமெரிக்கா உதவியா அனுப்பின கோதுமை மாவுல செஞ்சு பாத்தது, இப்ப பூசானோட அடையாளமே ஆயிருச்சு. குளிருக்கு தேஜி குக்பாப், பன்னி எலும்பு சூப்புல சோறு. சைவம்னா ரெண்டுமே வேணாம், மில்ம்யோன் சூப்பும் கறில எடுக்கிறதுதான்.

சாகல்ச்சி மீன் மார்க்கெட்டுல கீழ மீன் வாங்கினா மாடில சமைச்சுத் தருவாங்க, அதுக்குத் தனி காசு, முன்னாடியே கேட்டுக்கோங்க. அங்கருந்து நடந்தா யோங்டோ பாலம், 1934ல திறந்தது, போர்ல பிரிஞ்ச குடும்பங்க ஒருத்தர ஒருத்தர் தேடி வந்து நின்ன இடம்.

ராத்திரிக்கு குவாங்கல்லி பீச் போங்க, எதிர்ல தெரியிற குவாங்கன் பாலத்து லைட் அங்கருந்துதான் அழகு. வழி பாக்க நேவர் மேப்னு கொரியாக்காரங்க மேப் ஆப் இருக்கு, அத போன்ல போட்டுக்கோங்க.