ஸ்டுட்கார்ட்டில் வேலை போன தம்பிக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து மாதமே ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கார் உதிரிபாக நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலை. தகுதிகாண் காலம் முடிவதற்குள் பணிநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மனைவியும் மகளும் ஜூனில் வருவதாக இருந்ததால் மூன்று அறை வீடு பிடித்தாயிற்று, விசாவுக்கும் விண்ணப்பித்தாயிற்று. "போட்ட திட்டமெல்லாம் போச்சு அண்ணா, ஊருக்கே திரும்பிவிடலாமா?"

தம்பி, திரும்புவதா வேண்டாமா என்பதை இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். இந்த வாரத்துக்கு வேறு வேலை இருக்கிறது. தகுதிகாண் காலத்தில் இரண்டு வார அவகாசம்தான், காரணமும் சொல்ல மாட்டார்கள். அதனால் கடிதம் கைக்கு வந்த மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், அதாவது ஆகென்டூரில், வேலை தேடுபவராகப் பதிந்துவிடுங்கள், ஆன்லைனிலேயே செய்யலாம். வேலையில்லாக் காலப் பணம் உங்களுக்குக் கிடைக்காது. கடைசி 30 மாதத்தில் 12 மாதமாவது வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்தால்தான் அது. ஆனாலும் பதியுங்கள், விண்ணப்பச் செலவு, பயிற்சி போன்றவற்றுக்கு அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், வேலை முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நீங்களே எழுதித் தெரிவிக்க வேண்டும். பயந்துகொண்டு இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ப்ளூ கார்டு, அதாவது நல்ல சம்பளத்தில் வேலை பார்க்கும் பட்டதாரிகளுக்கான குடியிருப்பு அனுமதி, அன்றைக்கே செல்லாமல் போய்விடாது; வேறு வேலை தேட வழக்கமாக மூன்று மாதமாவது விடுவார்கள். மருத்துவக் காப்பீட்டை மட்டும் விடவே கூடாது. வேலை முடிந்தபின் சந்தாவை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிவரும், குறைந்தபட்சத் தொகையே மாதம் 200 யூரோவைத் தாண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். போன திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். ஸ்டுட்கார்ட் என்ற ஊர், கார்த் தொழில், ப்ளூ கார்டு, ஜூன் மாதம் என நான்கையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது மனைவியும் மகளும் உங்களோடு இருக்கும் ஒரு வீடு. அதற்கு இந்த நான்கில் எதுவுமே கட்டாயமில்லை.

நான் 2008 கடைசியில் இங்கே வந்தேன். அடுத்த ஆண்டே கார்த் தொழில் படுத்துவிட்டது. 2009 மே மாதத்தில் ஜெர்மனி முழுக்க 14 லட்சத்துக்கும் மேலானவர்கள் குறைந்த நேர வேலையில், குறைந்த சம்பளத்தில் இருந்தார்கள். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அப்போது ப்ளூ கார்டும் கிடையாது, அது 2012இல்தான் வந்தது. என் அனுமதி ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டிருந்தது. என் கையில் இருந்த தொழில், பாகங்களை மைக்ரான் கணக்கில் அளப்பது. அது வேறு யாருக்கெல்லாம் வேண்டும் என்று தேடியபோதுதான் டுட்லிங்கன் கண்ணில் பட்டது. தெற்கே, டான்யூப் கரையில் ஒரு சின்ன ஊர். மருத்துவக் கருவி செய்யும் நிறுவனங்கள் மட்டுமே அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பலவும் குடும்பப் பட்டறைகள்.

நேர்முகத்தில் பட்டறைப் பெரியவர் என் சான்றிதழ்களை ஓரமாக வைத்துவிட்டு, ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி ஒன்றைக் கொடுத்து மெதுவாக மூடச் சொன்னார். பிடியிலுள்ள முதல் பல் 'டிக்' என்று மாட்டும்போது நுனிகள் மட்டும் தொட வேண்டும். அடுத்தடுத்த பல்லில்தான் தாடை பின்பக்கம் வரை அமர வேண்டும். அவர் கொடுத்ததில் நுனி ஒரு மயிரிழை விலகியிருந்தது. அதைச் சொன்னேன். தட்டுத்தடுமாறிய ஜெர்மன்தான், ஆனால் அவருக்குப் புரிந்தது. குடும்பம் வருவது ஓராண்டு தள்ளிப்போனது, சம்பளமும் குறைவு. ஆனால் மகன் நடந்தே பள்ளிக்குப் போகிற ஊரில் குடியேறினோம். அங்கேயே இன்னும் இருக்கிறோம்.

உங்களுக்கு டுட்லிங்கன்தான் என்று சொல்லவில்லை. தரக்கட்டுப்பாடு தெரிந்தவருக்கு மருத்துவக் கருவி, விமானப் பாகம், பொதி கட்டும் எந்திரம் எனப் பல கதவுகள் உண்டு. சம்பளம் ப்ளூ கார்டு வரம்பைத் தொடவில்லையே என்று நல்ல வேலையைத் தட்டிவிடாதீர்கள். பட்டதாரிகளுக்குச் சாதாரணத் திறன்பணியாளர் அனுமதி இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்புக்கு ப்ளூ கார்டில் 27 மாதம், பி1 என்ற இடைநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதம். திறன்பணியாளர் அனுமதியில் மூன்று ஆண்டு. காத்திருக்கும் காலத்தில் வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டையும் அவசரப்பட்டுக் காலி செய்ய வேண்டாம். எப்படியும் மூன்று மாத நோட்டீஸ். ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நிலைமை மாறிவிட்டால் ஓர் அறையை மட்டும் உள்வாடகைக்கு விட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கச் சட்டமே இடம் தருகிறது. ஸ்டுட்கார்ட்டிலேயே ஃபைஹிங்கன் பக்கம் பல்கலைக்கழக மாணவர்கள் அறை கிடைக்காமல் அலைகிறார்கள்.

மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் ஊரில் வேலையை இன்னும் விடவில்லை என்றால் இப்போதைக்கு விட வேண்டாம். மகளின் மாற்றுச் சான்றிதழையும் வாங்க வேண்டாம். விசா விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவதற்கு முன், வேலை மாறுகிறது, புது ஒப்பந்தம் வந்ததும் அனுப்புகிறேன் என்று துணைத் தூதரகத்துக்கு எழுதி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

கிளம்புவதற்குள் இப்போதைய நிறுவனத்திடம் பணிச் சான்றிதழை, அதாவது ஆர்பைட்ஸ் சொய்க்னிஸை, எழுத்தில் கேளுங்கள். ஐந்து மாதம் வேலை பார்த்தவருக்கும் அது உரிமை. நீங்கள் அளந்த பாகங்கள், கையாண்ட கருவிகள் எல்லாம் அதில் பெயரோடு வரும்படி விவரமான சான்றிதழாகக் கேளுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.