பக்கத்துத் தெரு தைவான் சாப்பாட்டுக் கடை: கேளுங்கள், சொல்கிறேன்

நான் சிஞ்சு நகரத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. தைபேக்குத் தெற்கே, சிப் தயாரிக்கும் கம்பெனிகளும் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் உள்ள ஊர். நம்மூர் ஆராய்ச்சி மாணவர்களும் இங்கே உண்டு. புதிதாக வருபவர்கள் வீடு, விசா, வங்கி எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். வீட்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் கடையில் நுழையத்தான் பயம். நான் சமையல்காரன் இல்லை, வாரத்தில் ஐந்து நாள் அங்கே சாப்பிடுகிறவன், அவ்வளவுதான். எட்டு மேசை, ஒரு அடுப்பு, வாசலிலேயே கொதிக்கும் அண்டா, கணவன் மனைவி இரண்டு பேர். இந்த மாதிரிக் கடையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

அண்ணா, உள்ளே போனால் யாரும் வந்து கேட்பதே இல்லை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். (முதலாண்டு மாணவர்)

யாரும் வரமாட்டார்கள் தம்பி. மேசை மேலோ கல்லா பக்கத்திலோ ஒரு சீட்டுக் கட்டும் பென்சிலும் இருக்கும். அதுதான் மெனு, அதுதான் ஆர்டர். வேண்டியதற்கு எதிரே எண்ணிக்கை போட்டு, மேசை எண்ணை எழுதி, அடுப்படியில் நிற்பவரிடம் நீட்டிவிடுங்கள். அவர் கேட்கும் ஒரே கேள்வி இங்கேயா, பார்சலா என்பதாக இருக்கும். இங்கே என்றால் 'நெய் யோங்', பார்சல் என்றால் 'வாய் தாய்'. இந்த இரண்டு சொல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குச்சி, கரண்டி, டிஷ்யூ, மிளகாய் விழுது எல்லாம் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி அல்லது ஃபிரிட்ஜில் சின்னத் தட்டுகள் இருக்கும்: வெள்ளரிக்காய், கடற்பாசி, சோயா சாறில் வெந்த டோஃபு, வேர்க்கடலை. அவற்றை 'சியாவ் த்சாய்' என்பார்கள். கேட்காமலே எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இலவசம் இல்லை, கடைசியில் தட்டை எண்ணிக் காசு வாங்குவார்கள். என் முதல் வாரத்தில் நம்மூர் ஊறுகாய், அப்பளம் கணக்கு என்று நினைத்து நான்கு தட்டு எடுத்தேன். சாப்பாட்டைவிட அதற்குத்தான் காசு அதிகம்.

காசு முதலிலா, கடைசியிலா? டிப்ஸ் வைக்க வேண்டுமா?

கடைக்குக் கடை மாறும். உங்களுக்கு முன்னால் நிற்பவர் செய்வதைச் செய்யுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வருவார்கள். கூப்பிடும்போது ஆணை 'லாவ்பான்', பெண்ணை 'லாவ்பான்னியாங்' என்று கூப்பிடுங்கள். முதலாளி, முதலாளியம்மா என்று பொருள். சின்னக் கடையில் இது மரியாதையும் ஆகும், பாசமும் ஆகும்.

மொபைல் கேமராவில் மெனுவை மொழிபெயர்த்தால் 'கணவன் மனைவி நுரையீரல்' என்று வருகிறது. 'எறும்பு மரம் ஏறுகிறது' என்றும் ஒன்று. என்ன கடை இது?

நல்ல கடைதான். முதலாவது சீனாவின் சிச்சுவான் மாகாணத்துப் பண்டம். மாட்டின் நாக்கு, குடல் மாதிரியானவற்றை மெல்லிசாக நறுக்கி மிளகாய் எண்ணெயில் போட்டுக் குளிர்ச்சியாகத் தருவது. இரண்டாவது, கண்ணாடி மாதிரி இருக்கும் பாசிப்பயறு சேமியாவில் கொத்திய பன்றிக்கறி. கறித்துணுக்கு சேமியாவில் ஒட்டியிருப்பது எறும்பு மாதிரி, அவ்வளவே. 'சிங்கத் தலை' என்று வந்தாலும் பயப்படாதீர்கள், பெரிய கறி உருண்டை.

பெயரைவிட முக்கியமான ஒன்று சொல்கிறேன். மெனுவில் வெறும் 'ரோ', அதாவது 'கறி' என்று மட்டும் இருந்தால் அது பன்றி. நம்மூரில் வெறும் கறி என்றால் ஆடு என்பது போல. மாடு என்றால் 'நியூ ரோ', ஆடு என்றால் 'யாங் ரோ' என்று முன்னால் பெயர் சேரும். 'ரோ' என்பதன் சீன எழுத்து, மூன்று பக்கச் சட்டத்துக்குள் இரண்டு ஆள் ஒருவர் மேல் ஒருவர் நிற்பது போல இருக்கும். பன்றி சாப்பிடாதவர்கள் முதலில் பழக வேண்டிய எழுத்து அதுதான்.

நான் சுத்த சைவம். கீரை மட்டும் கேட்டேன், மேலே ஏதோ பழுப்பாக ஊற்றித் தந்தார்கள். சாப்பிட்டும் விட்டேன். அது என்ன? (கும்பகோணத்துப் பெண், இப்போது தைனானில்)

பன்றிக்கறிக் குழம்பாகத்தான் இருக்கும், மன்னிக்கவும். கீரையை வெந்நீரில் ஒரு புரட்டு புரட்டி, மேலே பொடிக்கறிக் குழம்பு ஒரு கரண்டி விடுவது இங்கே வழக்கம். ஏமாற்ற நினைத்துச் செய்ததில்லை. நீங்கள் 'கறி வேண்டாம்' என்று சொல்லியிருப்பீர்கள். அவர்கள் கணக்கில் கறி என்பது துண்டு. குழம்பு, கொழுப்பு, எலும்புச் சாறு எல்லாம் ருசிக்குச் சேர்ப்பது, அது கறியில் சேர்த்தி இல்லை. என் நண்பர் ஒருவர் ஆறு மாதம் 'சைவ' நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, பிறகுதான் அண்டாவை எட்டிப் பார்த்தார். உள்ளே எலும்பு.

அதனால் சாதாரணக் கடையில் 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று பட்டியல் போடுவதைவிட, 'வோ ச்சிர் சு' என்று சொல்லுங்கள். 'நான் சைவம்' என்று அர்த்தம். இங்கே இது எல்லோருக்கும் புரிகிற சொல், ஏனென்றால் இது புத்த மதத்தோடு சேர்ந்து வந்த பழக்கம். பல கடைக்காரர்கள் நேர்மையாகவே 'உங்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை' என்று கைகாட்டி, அடுத்த தெருவில் இருக்கும் சைவக் கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள்.

அந்தச் சைவக் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். பெயர்ப் பலகையில் ஸ்வஸ்திக் இருக்கும். நம்முடையதைக் கண்ணாடியில் பார்த்தது மாதிரி, திசை மாறி. அங்கே வெங்காயம், பூண்டுகூட சேர்க்காத சமையல்தான் பெரும்பாலும். துறவிகள் விலக்கும் 'ஐந்து காரமான காய்கள்' கணக்கில் அவையும் சேரும். உங்கள் பாட்டிக்கே ஒத்துப்போகும். ஆனால் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த 'கோழி', 'மீன்' எல்லாம் அசல் மாதிரியே இருக்கும், சிலவற்றில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். முட்டை ஆகாது என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். கடைப் பாக்கெட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. முழுச் சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், பால் முட்டைச் சைவம், வெங்காயம் பூண்டு சேர்ந்த சைவம் என்று ஐந்து வகையாகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள்.

இன்னொன்று. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே பலர் சைவம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நம் அமாவாசை, பௌர்ணமிதான். அன்றைக்கு மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் போய்விடுங்கள், அப்புறம் சட்டியில் மிளகாய்கூட மிஞ்சாது.

தைவான் என்றாலே மாட்டுக்கறி நூடுல்ஸ் என்கிறார்கள். எங்கள் தெரு லாவ்பான் விற்கிறார், ஆனால் தான் சாப்பிடமாட்டேன் என்கிறார். புரியவில்லை.

புரியாமல் என்ன, உங்கள் தாத்தா சொன்ன அதே காரணம்தான். இங்கே பழைய விவசாயக் குடும்பங்களில் உழுத மாட்டைத் தின்பது பாவம் என்ற எண்ணம் உண்டு. இன்றும் வயதானவர்கள் பலர் மாட்டுக்கறி தொடுவதில்லை. மாட்டுக்கறி நூடுல்ஸ் பரவியது 1949க்குப் பிறகு. சீன உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாத அரசோடு பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் தாண்டி வந்தார்கள். ராணுவக் குடியிருப்புகளில் வாழ்ந்த சிச்சுவான் வீரர்கள் ஊர் ஞாபகத்தில் மிளகாயும் அவரைப் பருப்பும் சேர்த்து விழுது செய்தார்கள், தெற்கே காவ்சியுங்கின் காங்ஷான் இன்றும் அந்த விழுதுக்குப் பெயர் போனது. அதில் வெந்த மாட்டுக்கறிதான் இந்த நூடுல்ஸ் என்பது பலரும் சொல்லும் கதை. 1950களில் அமெரிக்க உதவியாகக் கோதுமை வந்து இறங்கியதும் சேர்ந்துகொண்டது. அரிசி தின்ற தீவு நூடுல்ஸுக்கும் மாவுப் பண்டத்துக்கும் பழகியது.

அப்படியானால் சீனக் கடையும் தைவான் கடையும் ஒன்றா, வேறா?

ஒரே மெனுவில் இரண்டும் இருக்கும், அதுதான் விஷயம். பழைய அடுக்கு, சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்தவர்களுடையது: சிப்பி ஆம்லெட், அரிசிச் சேமியா, சோற்றின் மேல் பொடிக்கறிக் குழம்பு விட்ட 'லூ ரோ ஃபான்'. பக்கத்தில் ஹக்கா என்ற சீனச் சமூகத்தாரின் உப்பும் எண்ணெயும் தூக்கலான சமையல், எங்கள் சிஞ்சு சுற்றுவட்டாரத்தில் அது அதிகம். 1895 முதல் 1945 வரை ஜப்பான் ஆட்சி, அதனால் மீசோ சூப்பும் ஜப்பான் பாணி 'கர்ரி' குழம்பும் ஓரத்தில் நிற்கும். அப்புறம் 1949இல் வந்த சிச்சுவான், ஷாங்காய், வடசீன வகைகள். டம்ப்ளிங் மட்டும் விற்கும் கடை, சோயா பாலும் நீள வடை மாதிரியான யோ தியாவும் விற்கும் காலைக் கடை எல்லாம் அந்தக் கடைசி அடுக்கு.

கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன் எங்கே கிடைக்கும்?

இந்தியாவில். மஞ்சூரியன் 1975 வாக்கில் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் உருவாக்கியது, அவர் கல்கத்தாச் சீனர். இங்கே கேட்டால் முழிப்பார்கள். அந்த ஏக்கத்துக்கு 'சான் பெய் ஜி' கேளுங்கள். 'மூன்று கிண்ணக் கோழி' என்று பெயர்: சோயா சாறு, எள்ளெண்ணெய், அரிசி மது. மண்சட்டியில் இஞ்சியும் பூண்டும் கருகக் கருக வரும். மேலே போடும் இலையை 'ஒன்பது அடுக்குக் கோபுரம்' என்பார்கள், முகர்ந்தால் நம் திருநீற்றுப்பச்சிலை ஞாபகம் வரும். சோற்றோடு இதைச் சாப்பிட்ட பிறகு மஞ்சூரியனைக் கேட்கமாட்டீர்கள் என்பது என் கட்சி.

எல்லாவற்றிலும் அஜினோமோட்டோ போடுகிறார்களே, உடம்புக்கு ஆகுமா?

1908இல் தோக்கியோவில் கிகுனாய் இகேதா என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாறிலிருந்து பிரித்தெடுத்த ருசி அது. அதே குளுட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது. சாதாரண அளவில் கெடுதி என்று நிரூபணம் இல்லை. ரத்த அழுத்தம் இருந்தால் நூடுல்ஸ் சாறு முழுவதையும் குடிக்காதீர்கள், அங்கே நிஜப் பிரச்சினை உப்பு.

எனக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். பக்கத்து வீட்டு அம்மா கறுப்பு எண்ணெய் மிதக்கும் கோழி சூப் கொண்டுவந்து தந்தார். சாராய வாடை அடிக்கிறது. குடிக்கலாமா?

முதலில் வாழ்த்துகள். அது எள்ளெண்ணெய்க் கோழி, 'மா யோ ஜி'. பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் வீட்டில் உட்காரவைத்து, குளிர்ச்சி படாமல், சூடான பத்தியம் தருவது இங்கேயும் வழக்கம். நம் வீட்டில் பூண்டும் நல்லெண்ணெயும் காயமும் என்றால், இங்கே இஞ்சியும் எள்ளெண்ணெயும் அரிசி மதுவும். எண்ணெயின் நிறம் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் செக்கில் எள்ளைப் பச்சையாகக் கருப்பட்டியோடு ஆட்டுகிறோம், இவர்கள் கறுப்பு எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள்.

மது விஷயம் உண்மை. சிலர் தண்ணீரே சேர்க்காமல் முழுக்க மதுவிலேயே வேகவைப்பார்கள், கொதித்தாலும் அத்தனையும் ஆவியாகிவிடாது. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோழித் துண்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு சாற்றை உங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் ஒரு வழி. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தராதீர்கள். நம்மூர் வழக்கப்படி அதில் ஏதாவது போட்டுக் கொடுங்கள். நாங்கள் ஒருமுறை ரவா லட்டு கொடுத்து, அடுத்த வாரம் ஒரு முழு முட்டைக்கோஸ் வந்தது.

குச்சி பழகவே இல்லை. ஸ்பூன் கேட்டால் கேவலமா?

இல்லவே இல்லை. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவருக்கு ஊதுவத்தி வைப்பது மாதிரி. மற்றபடி கிண்ணத்தை வாய்க்குப் பக்கத்தில் தூக்கலாம், உறிஞ்சலாம், சத்தம் வரலாம்.

நாறும் டோஃபு?

வாடையைத் தாண்டினால் மொறுமொறுவென்று, புளித்த முட்டைக்கோஸோடு அருமை. வாடையைத் தாண்டுவது உங்கள் பாடு. சைவர்கள் கவனிக்க, ஊறவைக்கும் நீரில் கடல்வகை சேர்ப்பதும் உண்டு.

பபுள் டீயில் இருக்கும் அந்த உருண்டை எதில் செய்வது? பிளாஸ்டிக் என்று அம்மா சொல்கிறார்.

மரவள்ளிக் கிழங்கு மாவு. அம்மாவிடம் சேலத்து ஜவ்வரிசிக்கு அண்ணன் என்று சொல்லுங்கள்.

நீங்கள் போகும் கடையின் பெயரைச் சொல்லுங்களேன்.

சொல்லமாட்டேன், எட்டு மேசைதான் இருக்கிறது. எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். மெனு சின்னதாக இருக்கும் கடை. வாசல் அண்டாவில் என்ன கொதிக்கிறதோ, அதைத்தான் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீங்களும் அதையே வாங்குங்கள், சீட்டின் கடைசி வரியில் உள்ளதைத் தேடிப் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு ஷட்டர் இறங்கும், மாலை ஐந்துக்கு ஏறும், இரவு எட்டுக்குப் போனால் நாற்காலி மேசை மேல் கவிழ்ந்திருக்கும்.

சந்திரப் புத்தாண்டு வாரத்தில் இந்தக் கடைகள் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். என் முதல் வருடம் அது தெரியாமல் நான்கு நாள் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் விற்கும், டீயில் வெந்த முட்டையிலேயே ஓட்டினேன். நீங்கள் முன்னாலேயே பருப்பும் அரிசியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.