வாசகர் கேள்வி பதில்: நின்றுபோன ஜெபத்தைத் திரும்பத் தொடங்க

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். 4 மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு மலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வீட்டுக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்பு தினமும் ஒரு மணிநேரம் வேதம் வாசிப்பேன். இப்போது ஒவ்வொரு ஜனவரியும் ‘ஒரு வருடத்தில் முழு வேதாகமம்’ என்று தொடங்கி, பெப்ரவரியில் விட்டுவிடுகிறேன். ஆண்டவர் முன்னால் நிற்கவே வெட்கமாக இருக்கிறது. – ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: சகோதரி, முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். நான்கு நாள் தவறினால் 13 அதிகாரம் பாக்கி. அதோடு, ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போனால் ஜனவரி கடைசியில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளையும் லேவியராகமத்தின் பலிகளையும் தொடுவீர்கள். களைத்த உடம்போடு, விளக்க ஆளில்லாமல், அந்த இடத்தில் நிற்கிறவர்கள்தான் அதிகம். உங்கள் பக்தி குறைந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. அளவுதான் உங்கள் நாளுக்குப் பொருந்தவில்லை.

கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளை நறுக்கிவிட்ட, தேயிலைச் செடியில் உடனே கொழுந்தை யாரும் எதிர்பார்ப்பதில்லையே. கல்யாணத்துக்கு முந்திய அந்த ஒரு மணிநேரத்தை இப்போது உங்களிடமே கேட்காதீர்கள்.

119ஆம் சங்கீதத்தை எடுங்கள். 176 வசனம், எட்டு எட்டாக 22 பகுதி. ஒரு பகுதியை நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடம் போதும். காலையில் அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டுத் தண்ணீர் கொதிக்கும்வரை நிற்கிறீர்கள் அல்லவா, அதுதான் நேரம். புதிதாக ஒரு நேரம் தேடினால் கிடைக்காது. இருக்கிற இடைவெளியில் உட்காருங்கள். வேதாகமத்தை முந்தின இரவே அந்தப் பக்கத்தில் நாடா வைத்து, அடுப்பங்கரைத் தட்டில், கைக்கெட்டுகிற உயரத்தில் வையுங்கள். கண்ணாடி போடுகிறவரென்றால் அதுவும் பக்கத்திலேயே இருக்கட்டும், கரண்ட் போகிற நாளுக்கு ஒரு டோர்ச்சும். பெட்டிக்குள் துணிக்கடியில் இருக்கிற வேதாகமத்தை 4 மணிக்கு யாரும் தேடி எடுக்கமாட்டார்கள். போனில் வாசிப்பதாயிருந்தால் டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறவுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வசனத்திலேயே வட்ஸ்அப் கூப்பிட்டுவிடும்.

வாசித்த எட்டிலிருந்து ஒரு வரியை மட்டும் மலைக்குக் கொண்டுபோங்கள். நான்காம் நாள் பகுதி இப்படித் தொடங்குகிறது: ‘என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்.’ இதைத் துண்டு அட்டையில் எழுதிச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டு முடிந்துகொண்டால் மழையிலும் நனையாது. ஒவ்வொரு நிரையிலும் இறங்கும்போது ஒரு தடவை சொல்லி, அன்றைக்கு ஒருவருடைய பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். திங்கள் மூத்த பிள்ளைக்கு, செவ்வாய் இளையதுக்கு என்று நாளுக்கு ஒருவர். கை வேலையில் இருந்தபடி செய்கிற ஜெபமும் ஜெபம்தான்.

பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான் தடுமாற்றம் வரும். முதல் வாரம் நன்றாகப் போனதென்று 20 நிமிடமாகக் கூட்டுவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு அத்தனையும் அறுந்துபோகும். 22 நாள் முடியும்வரை கூட்டவே வேண்டாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட பகுதியையே வாசியுங்கள், இரண்டைச் சேர்க்காதீர்கள். ஒன்றுமே முடியாத நாளில் வேலைக்காக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும்போது ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ முழுவதும் ஒரு தடவை. 22 முடிந்ததும் மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள். அது 16 அதிகாரம்தான், நாளுக்கு அரை அதிகாரம் போதும்.

கேள்வி: மனைவி குவைத்தில் வேலை செய்கிறா. நானும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்தான் வீட்டில். குடும்ப ஜெபம் நின்று இரண்டு வருடம். திரும்பத் தொடங்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். – வாசகர், பண்டாரவளை

பதில்: ஐயா, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு வையுங்கள். சாப்பிட்ட பிறகு பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவது இயல்பு. மொத்தம் 10 நிமிடம். ஒரு பாட்டில் பல்லவியும் ஒரு சரணமும், பிறகு ஆறேழு வசனம். வாசிப்பது பிள்ளையாக இருக்கட்டும், திக்கினாலும் திருத்த வேண்டாம். ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல ஒரு காரியம் சொல்லட்டும். அம்மாவுக்குப் பழைய கீர்த்தனைகள் மனப்பாடமாக இருக்கும், பாட்டை அவரிடமே விட்டுவிடலாம்.

உங்கள் ஜெபம் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ‘ஆண்டவரே, இவன் படிக்கிறதேயில்லை, சொல்பேச்சுக் கேட்கிறதில்லை’ என்று பிள்ளையை வைத்துக்கொண்டே ஜெபத்தில் முறையிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைக்கு அது ஆண்டவர் முன்னால் வாங்குகிற ஏச்சு. குடும்ப ஜெபத்தை அவர்கள் வெறுக்க அது ஒன்றே போதும்.

மனைவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே மாலை 7 மணி என்றால் குவைத்தில் 4.30. வீட்டு வேலையில் இருப்பவருக்கு அந்த நேரம் போன் எடுக்க முடியாமல் போகலாம். அதனால் முந்தின இரவே அந்த வசனங்களை அவர் வாசித்து குரல் பதிவாக அனுப்பட்டும். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவின் குரலில் வேதம் கேட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடமாட்டார்கள்.

கேள்வி: படுக்கையிலிருக்கும் தாயைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை, அழுகைதான். விசுவாசம் போய்விட்டதா? – வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை, தங்கச்சி. 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள், ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இவற்றையும் ஜெபமாகத்தான் நம் கையில் தந்திருக்கிறார்கள். வார்த்தை வராத நாளில் அந்த ஆறு வசனத்தை உங்கள் ஜெபமாகச் சத்தமாக வாசித்துவிட்டு எழும்புங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

1 இராஜாக்கள் 19ஐயும் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவரைத் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டு மறுபடி தூங்கினார், இரண்டாம் தரமும் சாப்பாடு வந்தது. ஆண்டவர் அவரோடு பேசிய மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகுதான். உங்களுக்கும் இப்போது தூக்கம் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணிநேரம் அம்மாவோடு இருக்க ஒருவரை அனுப்பும்படி சபையின் மாதர் சங்கத்திடம் நேராகக் கேளுங்கள். ‘எங்களுக்காக ஜெபியுங்கள்’ என்று மட்டும் சொன்னால் ஜெபிப்பார்கள், ஆள் வரமாட்டார்கள். நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள்.

தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: தினமும் நுவரெலியாவுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். 53 மணிச் செபத்தை (செபமாலையை) ஒரே மூச்சில் சொல்ல முடிவதில்லை. பிரித்துச் சொல்லலாமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: தாராளமாக. செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி, ஒரு பகுதியைச் சொல்ல மூன்று, நான்கு நிமிடம்தான் ஆகும். போகும்போது இரண்டு, மதிய இடைவேளையில் ஒன்று, திரும்பும்போது இரண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற நாளில் மாலையை எடுக்காதீர்கள், விரல் பத்து இருக்கிறது. தியானிக்கிற மறைபொருள்கள், அதாவது இயேசு, மரியாளின் வாழ்க்கை நிகழ்ச்சிகள், நாளுக்கு நாள் மாறும்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்கு 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளியின் மறைபொருள்கள். எதில் விட்டோம் என்று வழியில் மறந்துபோனால் அந்தப் பத்தை முதலிலிருந்து சொல்லுங்கள், முழுச் செபமாலையையும் திருப்ப வேண்டியதில்லை.