99 சதவீதம் எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி-பதில்

பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். எம்.எஸ்சி.க்கு டேட்டா சயின்ஸா, சைபர் செக்யூரிட்டியா? – அம்பாசமுத்திரம்

நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் பிடித்திருந்தால் முதலாவது. லினக்ஸோடும் நெட்வொர்க்கோடும் மணிக்கணக்கில் மல்லுக்கட்டப் பொறுமை இருந்தால் இரண்டாவது. டேட்டா சயின்ஸுக்கு 2024 முதல் கேட் (GATE) தேர்வில் தனித்தாள் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், மனது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

பிஎச்.டி.க்கு ஊடுருவல் கண்டறிதல், அதாவது நெட்வொர்க்கில் வரும் தாக்குதலைக் கணினியே அடையாளம் காண்பது, எடுத்திருக்கிறேன். என்எஸ்எல்-கேடிடி டேட்டாவில் 99.3 சதவீதம் துல்லியம் கிடைத்துவிட்டது. பேப்பர் எழுதலாமா? – பாளையங்கோட்டை

வேண்டாம். இதே கடிதம் வேறு வேறு பெயர்களில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. இந்த முறை கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் டேட்டாவின் பூர்வீகம் தெரியுமா? 1998-ல் எம்ஐடி லிங்கன் ஆய்வகம் அமெரிக்க விமானப்படை நெட்வொர்க் ஒன்றைப் போலச் செயற்கையாக அமைத்து, அதில் ஓடிய போக்குவரத்தை எடுத்த பதிவு அது. அடுத்த ஆண்டு கேடிடி கோப்பை என்ற டேட்டா மைனிங் போட்டிக்குப் போனது. மாடலின் பயிற்சிக்கான சுமார் 50 லட்சம் வரிகளில் (ஒரு வரி என்றால் ஒரு இணைப்பு) பாதிக்கு மேல் ஸ்மர்ஃப் என்ற ஒரே தாக்குதல். முக்கால்வாசி வரிகள் நகல். 2009-ல் நகல்களை நீக்கி வெளியிட்டதுதான் உங்கள் கையில் இருக்கும் என்எஸ்எல் வடிவம். நகல் போனது, வயது போகவில்லை. இன்று நம் கல்லூரி நெட்வொர்க்கில் ஓடுவது பெரும்பாலும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த போக்குவரத்து. அதற்கும் 1998-க்கும் என்ன உறவு?

அடுத்தது, அந்த 99.3 எப்படி வந்தது? பயிற்சிக் கோப்பையே இரண்டாகப் பிரித்துச் சோதித்திருப்பீர்கள். சோதனைக்கென்று தனிக் கோப்பு ஒன்று கூடவே வருகிறதே, அதைத் திறந்தீர்களா? பயிற்சியில் இல்லாத தாக்குதல் வகைகள் அதில் இருக்கின்றன. அதில் ஓட்டினால் வழக்கமான மாடல்கள் 80-ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்த 80-தான் நிஜம். ஏன் இறங்கியது என்று தோண்டினால் அதுவே ஒரு ஆய்வு.

இன்னொன்று. சாதாரணப் பயனர் ரூட் அதிகாரத்தை, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாட்டை, கைப்பற்றும் தாக்குதலுக்கு உங்கள் பயிற்சிக் கோப்பில் இருப்பது வெறும் 52 வரி. மொத்தம் சுமார் 1.26 லட்சம் வரிகள். அந்த 52-ஐயும் கோட்டைவிட்டாலும் துல்லியம் அசையாது. ஆகவே வகைவாரியாக ரீகால் போடுங்கள், அதாவது ஒவ்வொரு வகைத் தாக்குதலிலும் எத்தனை சதவீதத்தைப் பிடித்தீர்கள் என்று. சாதாரண இணைப்பைத் தாக்குதல் என்று சொல்லும் பொய் எச்சரிக்கை விகிதத்தையும் போடுங்கள். நாளுக்கு ஒரு லட்சம் இணைப்பு வரும் இடத்தில் ஒரு சதவீதம் என்றாலே ஆயிரம் எச்சரிக்கை. யார் உட்கார்ந்து பார்ப்பது?

அல்காரிதத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே டேட்டாவைக் கடைவதில் நம் பிள்ளைகளின் மூன்று நான்கு வருடம் போகிறது. எனக்கு அது தாங்கவில்லை. எப்போதும் சொல்வதுதான்: டேட்டாவை முதலில் கண்ணால் பாருங்கள். குறைந்தது 200 வரி.

ஐயா, ஏஐ-யில் நல்ல தலைப்பு ஒன்று அவசரமாக அனுப்பவும்.

ஊரும் இல்லை, படிப்பும் இல்லை, என்ன தெரியும் என்றும் இல்லை. இப்படிக் கேட்டால் பதில் கிடையாது. நீங்களே படித்த ஐந்து கட்டுரைகளின் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.

பாபநாசம், மாஞ்சோலை மழை அளவை வைத்துத் தாமிரபரணி வெள்ளத்தைக் கணிக்கிறேன். அவுட்லயர்களை (மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகிய அளவுகளை) நீக்கியும் வெள்ளம் சரியாக வரவில்லை. – திருநெல்வேலி டவுன்

நீக்கியதால்தான் வரவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அவுட்லயரைக் காட்டும் பாக்ஸ் பிளாட் வரைபடத்தை நம்பினால் அதைப் பிழை என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள். ஆனால் உங்கள் மாடல் கற்க வேண்டியதே அந்த மாதிரி நாளைத்தான். அப்புறம் தேதியைச் சரிபாருங்கள். மழைமானியைக் காலை 8.30-க்குப் பார்த்து எழுதுவார்கள், ஆகவே 18-ஆம் தேதியில் இருக்கும் மழையில் பெரும்பகுதி 17-இல் பெய்தது. ஆற்று அளவோடு சேர்க்கும்போது ஒரு நாள் நழுவிவிடும். இதற்கும் மருந்து அதேதான்: கண்ணால் பாருங்கள்.

எங்கள் கல்லூரித் தளத்தை ஸ்கேன் செய்ததில் ஓட்டை ஒன்று தெரிந்தது. எல்லோருக்கும் காட்டினால் திருத்துவார்களா? – சங்கரன்கோவில்

காட்டாதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? இல்லையென்றால் ஐடி சட்டம் 43, 66 பிரிவுகளில் மாட்ட வாய்ப்பு உண்டு. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இத்தோடு நிறுத்திவிட்டு, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள்.

கூடங்குளத்தில் வைரஸ் புகுந்ததாமே, உலைக்கு ஆபத்து இருந்ததா? – ராதாபுரம்

2019-இல் டிடிராக் என்ற மால்வேர் புகுந்தது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினியில். உலைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனி என்று அணுமின் கழகம் விளக்கியது.

கௌரவ விரிவுரையாளர். லேபில் பழைய கணினிகள்தான். சைபர் செக்யூரிட்டி எப்படி நடத்துவது? – வள்ளியூர்

தாராளமாக நடத்தலாம். இரண்டு கணினி, ஒரு சுவிட்ச் எடுத்துக் கல்லூரி நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒன்றில் டெல்நெட் சர்வர் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் பழைய, மறையாக்கம் இல்லாத முறை), இன்னொன்றில் நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க். வயர்ஷார்க் ஓடும் கணினியிலிருந்தே ஒரு மாணவர் டெல்நெட்டில் லாகின் செய்யட்டும். வயர்ஷார்க்கில் ஃபாலோ டிசிபி ஸ்ட்ரீமை அழுத்தினால் அவர் தட்டிய கடவுச்சொல் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் நிற்கும். அடுத்து அதையே, மறையாக்கம் உள்ள எஸ்எஸ்ஹெச்சில் செய்யச் சொல்லுங்கள், கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை எழுத்துதான் தெரியும். மறையாக்கப் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். சோதனைக்குப் புதிதாக ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லுங்கள். துறைத்தலைவரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.