டெக்ஸ்ட்ரான் என்பது சில பாக்டீரியாக்கள் செய்யும் நீண்ட குளுக்கோஸ் சங்கிலி. ஸ்டார்ச்சும் (மாவுச்சத்தும்) குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரானும் குளுக்கோஸ் என்றால் வித்தியாசம் எங்கே? பாக்டீரியா ஏன் சர்க்கரையிலிருந்து மட்டும் டெக்ஸ்ட்ரான் செய்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் சின்னதுதான், எல்லாம் எந்தக் கார்பனில் கைகோக்கிறது என்பதில் இருக்கிறது. ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலியில் ஒரு குளுக்கோஸின் 1-ஆம் கார்பன் அடுத்த குளுக்கோஸின் 4-ஆம் கார்பனோடு சேர்கிறது. டெக்ஸ்ட்ரானில் அது 6-ஆம் கார்பனோடு சேர்கிறது. இந்த 6-ஆம் கார்பன் வளையத்துக்குள் இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு வளையங்களுக்கு நடுவே சுழலக்கூடிய பிணைப்பு ஒன்று கூடுதலாகக் கிடைக்கிறது, சங்கிலி தாராளமாக வளைகிறது, தாவர நாரான செல்லுலோஸ் மாதிரி பக்கத்துச் சங்கிலியோடு இறுகி அடுக்காகப் படியாமல் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதி 1,4 பிணைப்பை வெட்டுவது, 1,6 பிணைப்பை அது வெட்டாது.

இடையிடையே கிளைகளும் உண்டு, பெரும்பாலும் 1,3 பிணைப்பில். தொழிற்சாலைகளில் அதிகம் பயன்படும் லுகோனாஸ்டாக் மெசென்டெராய்டஸ் பி-512எஃப் என்ற பாக்டீரியா வகை தரும் டெக்ஸ்ட்ரானில் சுமார் 95% 1,6 பிணைப்பு, மீதி 5% 1,3 பிணைப்பு. வேறு வகைகளில் இந்தக் கணக்கு மாறும். 1,3 பிணைப்பே முதுகெலும்பாகிவிட்டால் கரையவே கரையாது; பல்லில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா படியவைக்கும் மியூட்டான் அந்த ரகம்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம், இதுதான் உண்மையிலேயே அழகான இடம். (லுகோனாஸ்டாக் நமக்குப் பழக்கப்பட்ட ஆள்தான், இட்லி மாவு பொங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.) பொதுவாக ஓர் உயிரணு குளுக்கோஸைக் கோத்துச் சங்கிலி செய்ய வேண்டுமென்றால் முதலில் ஏடிபி (உயிரணு சக்தியைச் சேமித்துவைக்கும் மூலக்கூறு) மாதிரியானவற்றின் சக்தியைச் செலவழித்து ஒவ்வொரு குளுக்கோஸையும் தயார்படுத்த வேண்டும். லுகோனாஸ்டாக் அந்தச் செலவே செய்வதில்லை. டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்ற நொதியை வெளியே அனுப்பிவிடுகிறது, அந்த நொதி சுக்ரோஸை, அதாவது நம் சாதாரணச் சர்க்கரையை, உடைத்துக் குளுக்கோஸைத் தன்னோடு பிடித்துக்கொண்டு ஃப்ரக்டோஸை விட்டுவிட்டு, பிடித்த குளுக்கோஸை வளரும் சங்கிலியில் சேர்த்துவிடுகிறது. சுக்ரோஸில் குளுக்கோஸுக்கும் ஃப்ரக்டோஸுக்கும் நடுவே உள்ள பிணைப்பு உடைந்தால் மோலுக்கு ஏறக்குறைய 29 கிலோஜூல் சக்தி கிடைக்கும், ஏடிபி தருவதற்குக் கிட்டத்தட்ட சமம். சங்கிலிக்குள் உருவாகும் பிணைப்புக்கு அவ்வளவு தேவையில்லை. வெறும் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தால் உடைப்பதற்கு அப்படியொரு பிணைப்பு இல்லை, பாக்டீரியா வளரும், ஆனால் டெக்ஸ்ட்ரான் வராது.

உயிருள்ள பாக்டீரியாகூட வேண்டியதில்லை. 1941-ல் எட்வர்ட் ஹேரே என்ற விஞ்ஞானி பாக்டீரியா இல்லாத வடிநீரிலேயே சுக்ரோஸிலிருந்து இந்தப் பொருள் உருவாவதைக் காட்டிவிட்டார். விளைச்சலுக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: சுக்ரோஸில் பாதி ஃப்ரக்டோஸாகப் போய்விடுவதால் 1 கிலோ சர்க்கரைக்கு அதிகபட்சம் சுமார் 474 கிராம்தான் டெக்ஸ்ட்ரான்.

இப்படி வருவதன் மூலக்கூறு எடை பல லட்சம், பல கோடி என்று போகும். மருத்துவத்துக்காக அதை அப்படியே ரத்தத்தில் ஏற்ற முடியாது. அமிலத்தால் துண்டாக்கி, ஆல்கஹால் சேர்த்து அளவுவாரியாகப் பிரித்து, 40,000 அல்லது 70,000 சராசரி எடையுள்ளதை மட்டும் எடுக்கிறார்கள். ரத்தப்போக்கின்போது ரத்த அளவை ஈடுகட்ட இதைப் பயன்படுத்தலாம் என்ற வழியை 1940-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் குரோன்வால், இங்கெல்மான் என்ற விஞ்ஞானிகள் திறந்தார்கள். அமெரிக்காவில் பியோரியா நகரின் அரசு வேளாண் ஆய்வகத்தில் வேதியியலாளர் ஆலீன் ஜீன்ஸ் பல வகைப் பாக்டீரியாக்களின் டெக்ஸ்ட்ரானை ஒப்பிட்டு ஆராய்ந்ததும் இதற்குப் பெரிய பலம்.

அப்புறம், இதே வேதியியல் கரும்பு ஆலையில் பெரிய தொல்லை. வெட்டுகாயம் வழியாக லுகோனாஸ்டாக் உள்ளே புகுந்து சர்க்கரையைத் தின்னத் தொடங்கும், வெயிலில் கிடந்து தாமதமாக ஆலைக்கு வரும் கரும்பில் இது வேகமாக நடக்கும். சாறு கொழகொழப்பாகிறது, வடிகட்டுவது சிரமமாகிறது, சர்க்கரைப் படிகம் ஊசி மாதிரி நீண்டு வளர்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்பதை, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் சாற்றுக்குள் அனுப்பி, அந்தத் தளம் எவ்வளவு கோணம் திரும்புகிறது என்பதை வைத்துத்தான் அளக்கிறார்கள். டெக்ஸ்ட்ரான் ஒளியைச் சுக்ரோஸைவிட சுமார் மூன்று மடங்கு அதே திசையில் திருப்பும். எனவே சர்க்கரை குறைந்த சாறும் கருவியில் சர்க்கரை நிறைந்ததாகத் தெரியும், கணக்கில் இருந்த சர்க்கரை மூட்டையில் வராது. டெக்ஸ்ட்ரானேஸ் நொதி போட்டுச் சங்கிலியை வெட்டலாம், ஆனால் போன சர்க்கரை திரும்பாது. வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைப்பதுதான் மலிவான வழி, அதற்கு வெட்டு உத்தரவும் லாரியும் ஒரே நாளில் வர வேண்டும். அது ஆலையின் பொறுப்பு, விவசாயி மேல் போடக்கூடாது.