ஸ்டார் ட்ரெக்கை முதன்முதலாகப் பார்ப்பவர் எங்கே தொடங்க வேண்டும்?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களை 1966-இல் வந்த முதல் தொடரிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டுமா, இல்லை கடைசியாக வந்த தொடரிலிருந்து பின்னோக்கிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஐந்தாவது சீசனில் இரண்டாவது எபிசோடை எடுங்கள். பெயர் 'டார்மோக்'. 1991-இல் ஒளிபரப்பானது. இன்றிரவு அதை மட்டும் பாருங்கள், போதும்.

நடுவிலிருந்து தொடங்கினால் புரியுமா என்ற பயம் வேண்டாம். அந்தக் காலத்து ஸ்டார் ட்ரெக் வாரம் ஒரு கதையாக வந்தது. பெரும்பாலான கதைகள் முக்கால் மணி நேரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். போன வாரம் பார்க்காதவரும் இந்த வாரம் உட்கார்ந்து பார்க்கலாம். உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இவ்வளவுதான்: காலம் 24-ஆம் நூற்றாண்டு, கப்பல் எண்டர்பிரைஸ், கேப்டன் பெயர் பிக்கார்ட், புதிய உலகங்களைத் தேடிப் போவது அவர்கள் வேலை.

நான் யாங்கோனில் இருக்கிறேன். எங்கள் தெருவில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், அந்த முறையும் பல நாள் தவறும். லேப்டாப்பில் இருக்கும் சார்ஜுக்குள் ஒரு முழுக் கதை முடிவது எனக்குப் பெரிய வசதி. பத்து எபிசோடைச் சேர்த்துப் பார்த்தால்தான் தலையும் வாலும் தெரியும் என்கிற இந்தக் காலத்துத் தொடர்களை இங்கே உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம்.

சரி, டார்மோக்குக்கு வருகிறேன். தமேரியர் என்று ஓர் இனம். சண்டைக்காரர்கள் இல்லை. ஆனால் அவர்களோடு யாராலும் பேச முடிந்ததில்லை. கப்பலில் எந்த மொழியையும் மாற்றித் தரும் கருவி இருக்கிறது, அது அவர்கள் பேச்சையும் ஒழுங்காகவே மாற்றித் தருகிறது. சொற்கள் எல்லாம் காதில் விழுகின்றன. பொருள் மட்டும் பிடிபடவில்லை. "டார்மோக்கும் ஜலாடும், டனாக்ராவில்" என்கிறார் அவர்களுடைய கேப்டன். யார் டார்மோக், டனாக்ராவில் என்ன நடந்தது, யாருக்கும் தெரியாது. அவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. தங்கள் பழங்கதைகளில் ஓர் இடத்தைச் சுட்டுகிறார்கள், கேட்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கதை தெரியாதவனுக்கு அந்த மொழியில் ஒன்றும் இல்லை. கடைசியில் அந்தக் கேப்டன் இரண்டு கத்திகளை எடுத்துக்கொண்டு, தன்னையும் பிக்கார்டையும் ஓர் ஆளில்லாத கிரகத்தில் இறக்கிவிடுகிறார். ஏன் என்பதுதான் கதை. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இதை என் அக்கா மகளோடு பார்த்தேன். அவளுக்கு வயது 15. பள்ளியில் பர்மிய மொழி, தோழிகளோடும் பர்மிய மொழி. வீட்டில் தமிழ். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கும் போகிறாள். அதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. என் அப்பா வேலை பார்த்த கடை நொடித்துப்போனபோது, வேறு இடத்தில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை, முதலாளியோடு கடைசிவரை இருந்தார். அதைச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, "செஞ்சோற்றுக் கடன்" என்று முடித்தார். இவள் நிமிர்ந்து, "தாத்தா சோத்துக்குக் கடன் வாங்கினாரா அம்மாச்சி?" என்று கேட்டாள். சோறும் தெரியும், கடனும் தெரியும். கர்ணனைத் தெரியவில்லை. துரியோதனன் பக்கம் தோற்கும் என்று தெரிந்தும் கர்ணன் ஏன் விட்டுப் போகவில்லை என்ற கதையை அன்று அம்மா அவளுக்கு முழுதாகச் சொன்னார்.

டார்மோக்கில் இரவில் நெருப்பு மூட்டி இரண்டு கேப்டன்களும் எதிரெதிரே உட்காரும் காட்சி ஒன்று உண்டு. பிக்கார்ட், கில்காமேஷும் என்கிடுவும் நண்பர்களான பழைய மெசொப்பொத்தேமியக் கதையைச் சொல்கிறார். எதிரில் இருப்பவருக்கு அந்த மொழி தெரியாது, ஆனாலும் கேட்கிறார். எங்கள் வீட்டில் அந்த நேரம் கரண்ட் போய் மின்விசிறி நின்றுவிட்டது. இவள் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம் கழித்துக் கையை நீட்டிப் படத்தை நிறுத்தினாள். "மாமா, இவங்க அம்மாச்சி மாதிரி பேசுறாங்க." நான் ஒன்றும் விளக்கவில்லை. மறுபடி ஓடவிட்டோம்.

இப்படி ஒரு கதையை முதலில் பார்த்துவிட்டால், ஸ்டார் ட்ரெக் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். விண்கலமும் லேசர் சண்டையும் அதில் உண்டு. ஆனால் அதன் உயிர், புரியாத ஒருவரைப் புரிந்துகொள்ள ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்பதில் இருக்கிறது. இது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மீதி தொள்ளாயிரம் சொச்சம் எபிசோடுகளுக்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

பிடித்திருந்தால், அடுத்த நாள் அதே தொடரின் இரண்டாவது சீசனில் 'தி மெஷர் ஆஃப் எ மேன்', 1989. டேட்டா என்பவர் கப்பலில் அதிகாரி, மனிதனைப் போலச் செய்யப்பட்ட எந்திரம். அவரைப் பிரித்துப் பார்த்து, அவரைப் போல ஆயிரக்கணக்கில் செய்ய ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறார். மறுக்க உனக்கு உரிமை உண்டா, நீ ஆளா, அரசாங்கத்தின் சாமானா என்று வழக்காகிறது. எதிர்த்தரப்பில் வாதாட வேண்டியவர் அவருடைய நண்பரே. அவர் மறுத்தால் தீர்ப்பு டேட்டாவுக்கு எதிராகப் போய்விடும், அதனால் மனசாரச் செய்தாக வேண்டும். இதை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராக இருந்தவர். விசாரணையில் அது தெரிகிறது.

அந்தக் கதையின் நடுவில் பிக்கார்டும் கைனன் என்ற பெண்ணும் பேசுவதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். நடித்தவர் ஊப்பி கோல்ட்பெர்க். யாரும் செய்ய விரும்பாத வேலைக்கென்று, கணக்கில் வராத ஒரு கூட்டத்தை மனிதர்கள் எப்போதும் வைத்திருந்தார்கள் என்று அவர் மெதுவாகச் சொல்கிறார். எங்கள் ஊர்த் தமிழர்களில் பலருடைய முன்னோர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், அரிசி ஆலைகளில் வேலை செய்தவர்கள். என் கொள்ளுத்தாத்தாவும் அதில் ஒருவர். அந்த இரண்டு நிமிஷப் பேச்சை என்னால் இன்றும் சாதாரணமாகக் கேட்க முடியாது.

இந்த இரண்டுக்கும் அப்புறம் நெக்ஸ்ட் ஜெனரேஷனை மூன்றாவது சீசனின் முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பாருங்கள். முதல் இரண்டு சீசன்களைத் தாண்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் சீசனில் பல கதைகள் தடுமாறுகின்றன. இரண்டாவது 1988-இல் எழுத்தாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் சிக்கி 22 எபிசோடோடு சுருங்கியது. மூன்றாவதில் மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்பை எடுத்தார். வெளியாட்கள் அனுப்பும் கதைகளையும் வாங்கிப் படித்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் ரொனால்ட் மூர், பின்னால் பெரிய பெயரானவர். அந்த சீசனின் கடைசி எபிசோடில் பாதியில் நிறுத்தமாட்டீர்கள். 1990-இல் பார்த்தவர்கள் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'தி இன்னர் லைட்' என்ற எபிசோடை மட்டும் முன்னாலேயே தேடிப் போகாதீர்கள். பிக்கார்டோடு நன்றாகப் பழகிய பிறகு பார்த்தால்தான் அது நெஞ்சில் இறங்கும்.

அடுத்து 'டீப் ஸ்பேஸ் நைன்', 1993 முதல் 1999 வரை. இதில் கப்பல் பயணம் குறைவு. கதை நடப்பது ஒரு விண்வெளி நிலையத்தில். பக்கத்துக் கிரகம் நீண்ட கால ஆக்கிரமிப்பிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருக்கிறது. மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். முதல் சீசனில் கடைசிக்கு முந்தைய எபிசோடான 'டூயட்' வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொடிய வேலை முகாமில் இருந்தவர்களுக்கு மட்டுமே வந்த நோயோடு ஒருவன் வந்து சேர்கிறான், ஆனால் அவன் ஆக்கிரமித்த இனத்தவன். அந்த முகாமின் கொடுமையை அறிந்த, விடுபட்ட கிரகத்தைச் சேர்ந்த நிலைய அதிகாரி கீரா அவனை விசாரிக்கிறாள். பெரும்பாலும் ஒரு சிறை அறையும் இரண்டு முகங்களும்தான்.

1966-இன் முதல் தொடரை ஒதுக்கச் சொல்லவில்லை, தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன். அட்டைப் பாறையும் பளபளக்கும் உடையும் முதலில் கண்ணை உறுத்தும். மனிதர்களைப் பிடித்துப்போன பிறகு உறுத்தாது. அப்போது 'தி டெவில் இன் த டார்க்' பாருங்கள். சுரங்கத்தில் தொழிலாளிகளைக் கொல்லும் ஒரு பிராணி, அதை எப்படிக் கொல்வது என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அப்புறம், தொட்டே இன்னொரு உயிரின் மனதை அறியக்கூடிய கப்பல் அதிகாரி ஸ்பாக் அதன்மேல் கையை வைக்கிறார். பிறகு 'ஸ்பேஸ் சீட்', அதைத் தொடர்ந்து 1982-இல் வந்த இரண்டாவது திரைப்படம்.

1979-இன் முதல் திரைப்படத்தில் மட்டும் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். நடைபாதைக் கடையில் வாங்கிய வட்டு. கப்பலைச் சுற்றிச் சுற்றிக் காட்டும் நீண்ட காட்சியிலேயே ஆர்வம் போய்விட்டது, சில வருஷங்கள் ஸ்டார் ட்ரெக் பக்கமே போகவில்லை. 1969-இல் தொடர் நின்று, பத்து வருஷம் காத்திருந்து அந்தக் கப்பலைத் திரையரங்கில் பார்த்தவர்களுக்கு எடுத்த காட்சி அது என்று பின்னால்தான் புரிந்தது.

பழைய படப்பிடிப்பே ஒத்துவராது என்றால் 2022-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' சரியான வாசல், அதுவும் ஒரு வாரம் ஒரு கதை பாணிதான்.

டார்மோக்கை ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். அந்தப் பெயர்கள் காதில் மட்டும் விழுந்தால் நழுவிவிடும். எழுத்தில் பார்த்தால், மூன்றாவது முறை அதே பெயர் வரும்போது உங்களுக்கே பிடிபடத் தொடங்கும், பிக்கார்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே.